முதியோர் குடியிருப்பும் இருவர் சம்மதமும்

கோயமுத்தூரைச் சுற்றி வடவள்ளி, தொண்டாமுத்தூர் ரோடு, பேரூர்ப் பக்கங்களில், சென்ற இருபது வருஷ காலத்திற்குள்ளாக, முதியோர் குடியிருப்புகள் என்பவைகள் ஏராளமாய்த் தோன்றியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், சிறுவாணித் தண்ணீரும், ஊர் நிறைய ஆஸ்பத்திரிகளும், ஆகாய விமான நிலையமும் இருப்பதனால், சென்னை, பம்பாயிலிருந்தும் அயல் நாடுகளிலிருந்தும்கூட உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்கள் இங்கு வந்து குடியேறுகின்றார்கள். இவைகள் கதியற்றவர்களுக்கான தர்ம விடுதிகள் அல்ல. பணம் கொடுத்து வாங்குகின்ற, அல்லது முன்பணம் கட்டி இருக்கின்ற வீடுகளாகும். பொதுச் சமையல், காவல், நர்சு, ஆஸ்பத்திரி வண்டி முதலிய வசதிகளுக்கு மாதா மாதம் தனிப் பணம் கட்டவேண்டும்.

இப்போது இந்த விஷயம் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கின்றான். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. புருஷனும் மனைவியும் மாத்திரம் தோட்டத்துச் சாளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றார்கள். இவர்களில் ஒருவர் "போய்விடலாம்" என்கின்றார், மற்றவர் "மாட்டேன்" என்கின்றார். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 60 வயது தாண்டினவர்கள் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் இருந்தார்கள். 2031-இல் இது நூற்றுக்கு 18 ஆகும் என்று இந்திய சர்க்காரின் நிபுணர் குழு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இந்தச் சச்சரவு இனி வீட்டுக்கு வீடு வரப்போவதாகும்.

எல்லோரும் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும் என்பதோ, ஒருவரும் போகக்கூடாது என்பதோ நமது அபிப்பிராயமல்ல. இந்த முடிவை யார் செய்கின்றார்கள், எந்தக் காரணத்தைக் கொண்டு செய்கின்றார்கள் என்பதுதான் நமது கேள்வி. இரண்டு பேருடைய மிச்ச ஆயுளைப்பற்றி ஒருவர் மாத்திரம் தீர்மானிப்பதற்கு என்ன நியாயம் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

இந்த அநியாயம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. மனுதர்ம சாஸ்திரத்தின் ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையையும் கண்டுவிட்ட ஆண்மகன் காட்டுக்குப் போகவேண்டுமாம். அப்படிப் போகும்போது பெண்ஜாதியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டாவது போகலாமாம், கூட்டிக்கொண்டாவது போகலாமாம். எப்படி என்பது அவனுடைய இஷ்டம். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை அதில் உண்டா? பசுமாட்டை ஓட்டிக்கொண்டு போவதா, பட்டியில் விட்டுப் போவதா என்று யோசிக்கிறவன்கூட மாடு நடக்குமா என்று பார்ப்பான். மனைவி விஷயத்தில் அந்த யோசனையும் வேண்டியதில்லை என்பதுதான் சாஸ்திரம். இன்றைக்குச் சிலர் இந்தக் குடியிருப்புகளை வானப்பிரஸ்தம் என்று பெருமையாய் வர்ணிக்கின்றார்கள். பெயரோடு பழைய புத்தியும் சேர்ந்து வந்துவிடக்கூடாதே என்பதுதான் நமது கவலை.

முதலாவதாக, புருஷன் மாட்டேன் என்கிற வீட்டைப் பார்ப்போம். கொங்கு நாட்டில் இதுவே அதிகம். அவர் சொல்லும் காரணங்கள் என்ன? "பெற்ற பிள்ளை இருக்கும்போது விடுதிச் சோறு தின்பதா? பங்காளிகளும் ஒறம்பரைகளும் என்ன சொல்லுவார்கள்? நாளைக்குக் கொள்ளி வைக்க யார் வருவார்கள்?" என்கிறார். ஊர் என்ன சொல்லும் என்கிறவரை நாம் ஒன்று கேட்கின்றோம். நடுநிசியில் அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அந்த ஊரா வந்து தூக்கப்போகிறது? எழவுக்கு வந்து பந்தலில் உட்காரும் ஒறம்பரைகள், உயிரோடு இருக்கும்போது மாத்திரை வாங்கிக் கொடுக்க வருவார்களா? கொள்ளி என்பது செத்த பிறகு நடக்கும் காரியம். அதற்காக உயிரோடு இருக்கும் பத்து வருஷத்தைக் கஷ்டத்தில் கழிப்பது எந்தக் கணக்கில் சேர்ந்தது? பிள்ளை தூர தேசத்தில் இருப்பதாலேயே அவன் பெற்றோரைக் கைவிட்டவன் ஆகிவிடமாட்டான். அப்பாரும் ஆத்தாளும் பத்திரமாயிருக்கும் இடத்திற்கு மாதாமாதம் அவன் பணம் அனுப்பினால், அதைவிடப் பிள்ளைக் கடமை வேறென்ன?

தனித் தோட்டத்து வாசத்தில் உள்ள அபாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பல்லடத்திற்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வயோதிகத் தம்பதிகளும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு ஜில்லா சிவகிரிப் பக்கத்தில் தனியே வசித்த மற்றொரு வயோதிகத் தம்பதிகள் கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தி வீட்டைக் காலி செய்யச் சொல்லுவது நமது நோக்கமல்ல. தோட்டத்துக் குடியானவனுக்குப் பந்தோபஸ்து கொடுக்கவேண்டியது சர்க்காரின் வேலையே தவிர, குடியிருப்பு முதலாளியின் வேலையல்ல. ஆனாலும் "நமக்கு என்ன ஆகிவிடும்" என்று மீசையைத் தடவிக்கொண்டு மனைவியின் பயத்தைப் பரிகாசம் செய்வதை மாத்திரம் இனி விட்டுவிட வேண்டும்.

நிற்க, அந்த அம்மாள் ஏன் போகலாம் என்கிறாள் என்று யாராவது கேட்டதுண்டா? தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு 60 வயதில் ஓய்வு என்று 2021-இல் உத்தரவாயிற்று. மில்லுக்காரருக்கும் ஒரு வயது உண்டு. தோட்டக்காரர்கூடப் பண்ணையத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுகிறார். அடுப்படியில் நிற்கிறவளுக்கு எந்த சர்க்கார் வயது குறித்தது? பதினெட்டு வயதில் பிடித்த கரண்டி எழுபது வயதிலும் கையில் இருக்கின்றது. புருஷன் ஓய்வு பெற்ற அன்றைக்கு இவளுக்கு வேலை கூடுகின்றது. அதுவரை காலையிலும் இரவிலும் வைத்த காப்பியை இப்போது பகலெல்லாம் வைக்கவேண்டியிருக்கின்றது. பொதுச் சமையற்கூடம் உள்ள இடத்திற்குப் போகலாம் என்று அவள் சொன்னால், அதற்கு ஓய்வு வேண்டுமென்று அர்த்தம். "உன் கைச்சோறு தின்றால்தான் எனக்குத் திருப்தி" என்று புருஷர் சொல்லுவதை அன்பு என்று எடுத்துக்கொள்ள நாம் தயாராயில்லை. அன்பு உள்ளவர் தாமே ஒரு நாள் உலை வைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக, மனைவி மாட்டேன் என்கிற வீடுகள். இங்கே புருஷர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முன்பணமும் கட்டிவிட்டு வந்து, "மூட்டையைக் கட்டு" என்கிறார். ஏன் என்று கேட்டால், "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்கிறார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. இரண்டு எருமை கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் பணம் ஒன்றுதான் அவள் யாரையும் கேளாமல் செலவு செய்யும் பணம். பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் நாற்பது வருஷமாய்ப் பேசிப் பழகியிருக்கிறாள். கோழிக் குழம்பு வைத்தே பழகினவள் சைவச் சாப்பாட்டு விடுதியில் ஆயுள் முழுதும் இருக்கவேண்டும் என்றால், அது அவளுக்கு விதித்த தண்டனையல்லவா? இவைகளெல்லாம் பெண் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடியவைகள் அல்ல. கணக்குப் போட்டுப் பதில் சொல்லவேண்டிய காரணங்களாகும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். எந்தத் தோட்டத்தையும் விற்பதற்கு முன்னால் இருவரும் இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். அந்தக் காலத்தில் தோட்டம் குத்தகையில் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்று யார் சொன்னாலும் திரும்பி வருவதற்கு வழி இருக்கட்டும். அப்படியும் ஒத்துவராவிட்டால், போக விரும்புகிறவர் வருஷத்தில் சில மாதம் போய் இருக்கட்டும், மற்றவர் தம் இடத்தில் இருக்கட்டும். இதைக் கேட்டுச் சிலர் பதறுவார்கள். தாலி கட்டிய காரணத்தால் இருவரும் ஒரே சுவருக்குள் கிடந்துதான் சாகவேண்டும் என்று எந்த அறிவு சொல்லுகிறது? பட்டாளத்திற்கும் துபாய்க்கும் போன புருஷனைப் பிரிந்து இருந்தபோது கெடாத குடும்பம், கிழ வயதில் முப்பது மைலுக்கு அப்பால் இருப்பதனால் கெட்டுப்போகுமா?

இனிப் பத்திர விஷயம். நம் தேசத்தில் புருஷனுக்கு வயது அதிகம், பெண்ணுக்கு ஆயுள் அதிகம். ஆகையால் கடைசியில் அந்த வீட்டில் தனியாய் மிஞ்சுகிறவள் பெரும்பாலும் மனைவியே. அப்படியிருக்க, பத்திரத்தைப் புருஷன் பெயரில் மாத்திரம் எழுதுவது என்ன யோக்கியதை? அவர் உயில் எழுதாமல் செத்துப்போனால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி அந்த வீடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவர் தாயார் இருந்தால் அவருக்கும் சமபங்காய்ப் போகும். எழுபத்தைந்து வயது அம்மாள் தான் படுத்திருக்கும் அறைக்கே பங்காளியாக வேண்டியதுதான். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. பெண் மக்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். சட்டம் வர 60 வருஷமாயிற்று. வீட்டுக்குள் வர இன்னும் எத்தனை வருஷமோ! ஆதலால் இருவர் பெயரிலும் எழுதுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் சாகும்வரை இருக்கலாம் என்று எழுதுங்கள். மாதக் கட்டணம் எப்படி உயரும், படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பார்களா அனுப்பிவிடுவார்களா, விலகினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவைகளை எழுத்தில் கேளுங்கள். ஓய்வுக்கால வீடுகளுக்காக 2019-இல் இந்திய சர்க்கார் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டதுண்டு. மாதிரி என்றாலே கட்டாயமில்லை என்று அர்த்தமாகையால், உங்கள் பத்திரம்தான் உங்களுக்குக் காவல்.

அதுபோலவே, குடியிருப்புக்குப் போகும் அவசரத்தில் தோட்டத்தைப் பிள்ளைக்கு செட்டில்மெண்டு செய்துவிடாதீர்கள். செய்தே தீரவேண்டுமானால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்துகொள்ள வழி கொடுக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தப் போவதா இருப்பதா என்கிற சச்சரவுகூடச் சொத்துள்ளவர்களின் சச்சரவுதான். அதே தோட்டத்தில் ஆயுள் முழுதும் களை வெட்டி, தண்ணீர் கட்டி, சாணி அள்ளின ஆளும் அவன் மனைவியும் கிழமாகும்போது எங்கே போவார்கள்? தமிழ்நாட்டு சர்க்காரின் முதியோர் உதவிப் பணம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தபோது அதைப் பெரிய சாதனை என்றார்கள். மேலே சொன்ன 2007-ஆம் வருஷத்துச் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேர் தங்கும்படியான இல்லத்தை சர்க்கார் ஏற்படுத்தலாம் என்கிறது. ஏற்படுத்தவேண்டும் என்றுகூட அல்ல, ஏற்படுத்தலாம் என்கிறது. பணக்காரக் கிழவருக்கு மலையடிவாரக் காற்று, பாடுபட்ட கிழவனுக்கு "லாம்" என்கிற ஒரு விகுதி! இந்த விகுதியை மாற்றுவதற்குத்தான் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை மடக்கிக் கேட்கவேண்டும்.

ஆகவே வயோதிகத் தோழர்களே! தாய்மார்களே! குடியிருப்புக்குப் போவதானாலும் சரி, தோட்டத்திலேயே இருப்பதானாலும் சரி, இருவரும் சமமாய் உட்கார்ந்து பேசி, சாஸ்திரத்தையும் ஊர் வாயையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வரவு செலவையும் உடம்பு நிலையையும் அவரவர் விருப்பத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவர் மாட்டேன் என்றால் அதற்குக் காரணம் கேளுங்கள். கேட்ட காரணத்திற்குப் பதில் சொல்ல முடியாதவரை முன்பணம் கட்டாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளுகின்றோம்.