விட்டுவிடச் சொல்வது யாரிடம்?

சுரண்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு வேட்டியைக் கட்டி 'பரியேறும் பெருமாள்' படத்தைத் திரையிட்டோம். மாரி செல்வராஜ் இயக்கி, பா.ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்து 2018 செப்டம்பரில் வந்த படம். டிவியில் துண்டு துண்டாகவாவது பார்க்காதவர்கள் தெருவில் குறைவு. இருந்தும் பீடித் தட்டோடு வந்து உட்கார்ந்த பெண்கள் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

இதைக் குறியீடுகளின் படம் என்பார்கள். செத்த பிறகும் வந்து நிற்கும் கருப்பி, நீலம் பூசிய உடல், கடைசியில் இரண்டு தேநீர் கிளாஸ், நடுவில் மல்லிகைப்பூ. சரிதான். ஆனால் தண்டவாளத்தையும் அந்த வரிசையில் வைப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. கருப்பியைக் கட்டிப்போட்டுக் கொல்வது அங்கே. பரியனை அடித்து மயக்கிக் கிடத்துவது அங்கே. தருமபுரி இளவரசனின் உடல் 2013 ஜூலையிலும், கோகுல்ராஜின் உடல் 2015 ஜூனிலும் கிடந்தது ரயில் பாதையில்தான். தற்கொலை என்று எழுதி முடிக்க வசதியான இடம் அது. எங்களுக்கு அது குறியீடு அல்ல, செய்தி.

படத்தில் ஒரு கிழவர் வருகிறார். காதலிப்பவர்களை விபத்துப்போல, நீரில் மூழ்கியதுபோலக் கொல்கிறவர். கராத்தே வெங்கடேசன் நடித்திருப்பார். அவர் முகத்தில் கோபமே இருக்காது, கொத்து வேலை பார்ப்பதுபோலச் செய்வார். நாற்று நடப் போகும் ஒரு அத்தை கேட்டார்: "அந்தக் கிழவனுக்கு எவ்வளவு கூலி கொடுத்தாவ?" கூலி இல்லை அத்தை, குலசாமிக்குச் செய்கிற சேவையாம் என்றோம். "சும்மாவா செய்தான்!" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

அந்தக் கிழவர் பரியனிடம் தோற்றதும் தானே போய் ரயில் முன் படுக்கிறார். சாதியை விடுவதைவிட உயிரை விடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. படத்தில் விட்டுவிடத் தெரியாதவர் அவர் ஒருவர்தான் என்று எங்களுக்குப் படுகிறது.

பரியனோ எல்லாவற்றையும் விடுகிறான். தனக்குள் இருந்தது காதலா என்று யோசித்து முடிப்பதற்குள்ளேயே அவனுக்கு அடி விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில் தன்னை அடித்ததையும் தன்மேல் சிறுநீர் கழித்ததையும் ஜோவிடம் சொல்லாமலே விடுகிறான். கொல்லச் சொன்னவர்களையும் விடுகிறான். ஒன்றை மட்டும் விடவில்லை: நீங்கள் மாறாதவரை, நான் நாயாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரை எதுவும் மாறாது என்று அவளுடைய அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 27, மென்பொருள் பொறியாளர். அவர் நேசித்த பெண்ணின் பெற்றோர் இருவரும் அப்போது காவல் துறையில் இருந்தவர்கள். வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டவர்களைக் கைது செய்யும்வரை உடலை வாங்கமாட்டோம் என்று கவினின் குடும்பம் உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா கைதானார். ஆகஸ்ட் 1 அன்றுதான் உடலை வாங்கினார்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அக்டோபரில் அரசு அறிவித்தது.

களப்பணியில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "போனது போகட்டும், இருக்கிற பிள்ளைகளைப் பாருங்க." இழவு வீட்டு வாசலில், பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே சொல்வார்கள். ஆறுதல் மாதிரித்தான் இருக்கும். வெட்டியவன் வீட்டு வாசலில் போய் 'சாதியை விட்டுருங்க' என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

படம் முடிந்து வேட்டியை மடிக்கும்போது, காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அவன் ஜோகிட்டச் சொல்லியிருக்கணும்லாண்ணே? அவ அப்பாவைப் பத்தி அவளுக்குத் தெரியாமலே போயிட்டுல்லா?"

பரியனின் பெருந்தன்மை என்று ஆரம்பித்தோம். "அதுவும் அவந்தான் சுமக்கணுமா?" என்றாள். பதினோரு மணிக்கு வீட்டில் கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவள் சமாதானமாகவில்லை.