செங்கடலுக்கு 25 கோடி, பெரட்டுக்கு என்ன பதில்?



2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. புசல்லாவைக் கடைவீதியில் எந்தச் சாமானுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாம் விசாரித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், 3ஆம் திகதி, செங்கடலுக்குக் கடற்படைக் கப்பலொன்றை அனுப்பப் போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபாய் செலவாகும் என்பதையும் அவரே சொன்னார். நமது கணக்கில் 25 கோடி.

ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபாய் என்று 2021இல் வந்த சம்பளம் 2024 தொடக்கத்திலும் அப்படியே நின்றது. அதுவும் தோட்டம் கேட்கிற கிலோ வந்தால்தான். வராவிட்டால் அரைப் பேர். அந்த 1,000 ரூபாயால் 25 கோடியை வகுத்தால் இரண்டரை லட்சம் பேர் விழுகிறது. 500 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில் 500 நாள் சம்பளம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 20 மாதத்துக்குப் போதும். ஒரு கப்பல் இரண்டு வாரம் கடலில் நிற்கும் செலவு இது.

அதனால் கப்பலே வேண்டாம் என்று சொல்லிவிடுவது இலகு. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். நாம் அப்படிச் சொல்லவில்லை. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மலையில் இருப்பவர் கேட்க முடியாது. 1841இல் ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் நட்ட சீனத் தேயிலைக் கன்று கப்பலில்தான் வந்தது. நம் முன்னோரும் கடல் தாண்டித்தான் வந்தார்கள். 1864இல் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி கப்பல் மூழ்கிய கதை மலையகத்தில் இன்னும் சொல்லப்படுகிறது. அவர்களுக்குக் காவலாக எந்தக் கப்பலும் கூட வரவில்லை.

இன்றைக்கும் நாம் பறிக்கும் கொழுந்தில் பெரும்பகுதி கப்பல் ஏறுகிறது. பாடசாலையில் பிள்ளைகளின் உலகப்படத்தை எடுத்துக் கொழும்பிலிருந்து விரலை மேற்கே நகர்த்திப் பாருங்கள். ஏடன் வளைகுடா, அதற்கடுத்து பாப் எல் மந்தெப் என்ற ஒடுங்கிய வாசல், பிறகு செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல். துருக்கி, லிபியா, சிரியா, ஐரோப்பா எல்லாவற்றுக்கும் நம் தேயிலை போகும் வழி இது. கருங்கடல் பக்கத்திலிருந்து கோதுமை வருவதும் இதே வழியால்தான். லயத்தில் ரொட்டி தட்டுகிற மாவின் விலை அந்த வாசலில் நடப்பதோடு சேர்ந்தது.

அந்த வாசலில்தான் யெமனின் ஹூதி இயக்கம் 2023 நவம்பர் முதல் கப்பல்களைத் தாக்கியது. 19ஆம் திகதி ‘கலக்ஸி லீடர்’ என்ற கப்பலை ஹெலிகொப்டரில் இறங்கிப் பிடித்தார்கள். அதிலிருந்த 25 மாலுமிகள் 2025 ஜனவரி வரை வீடு திரும்பவில்லை. காசாவில் நடக்கும் அழிவுக்குப் பதிலாக இதைச் செய்கிறோம் என்பது ஹூதிகளின் வாதமாக இருந்தது. காசாவில் குண்டு விழுவது நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் மாலுமியைப் பிடித்து வைப்பதால் எந்தப் பலஸ்தீனப் பிள்ளைக்கும் சோறு கிடைக்கவில்லை. பெரிய கப்பல் கம்பனிகள் செங்கடலை விட்டு, ஆபிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதலாக ஓட வேண்டியிருந்தது. எரிபொருள், காப்புறுதி, கொள்கலன் வாடகை எல்லாம் ஏறின.

இந்தக் குழப்பத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர்களும் மறுபடி தலைதூக்கினார்கள். 2024 ஜனவரி கடைசியில் ‘லொரென்சோ புத்தா 4’ என்ற நமது மீன்பிடிப் படகை ஆறு மீனவர்களோடு கடத்தினார்கள். சீஷெல்ஸ் நாட்டுக் கடற்காவல் படை அவர்களை உயிரோடு மீட்டது. இந்தியக் கடற்படையும் உதவியது. 2017 மார்ச்சில் ‘ஏரிஸ் 13’ என்ற எண்ணெய்க் கப்பலை எட்டு இலங்கை மாலுமிகளோடு பிடித்து வைத்திருந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கடலில் காவல் வேண்டும். அந்த ஆறு வீடுகளில் இருப்பவர்களிடம் போய், கடற்படை வீண் செலவு என்று நம்மால் சொல்ல முடியாது.

கேள்வி வேறு. எந்தக் காவல், யாருக்கு, யார் செலவில்?

அமெரிக்கா 2023 டிசம்பரில் தொடங்கிய கூட்டு நடவடிக்கைக்குச் ‘செழிப்பின் காவலன்’ என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். யாருடைய செழிப்பு என்று பெயரில் இல்லை. அங்கே பறந்து வந்தது ஏவுகணையும் ட்ரோனும். நமது ரோந்துக் கப்பல்கள் அவற்றைச் சுட்டு வீழ்த்துவதற்காக அமைந்தவை அல்ல. கள்ளக் கடத்தலைப் பிடிக்கவும், ஆபத்தில் மாட்டிய படகை இழுத்து வரவும் அமைந்தவை. அவற்றில் சில அமெரிக்கக் கரையோரக் காவல் படை பாவித்து முடித்துக் கொடுத்தவை. அதில் ஏறிப் போகும் கடற்படைச் சிப்பாய்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அமெரிக்கக் கூட்டணியில் சேராத இந்தியா, தன் கப்பல்களைத் தன் பொறுப்பில் அரபிக் கடலிலும் ஏடன் பக்கத்திலும் நிறுத்தி ஆட்களை மீட்டது. நமது கடற்படை கடத்தப்பட்ட மீனவரைத் தேடப் போகட்டும், தீப்பிடித்த கப்பலுக்கு உதவப் போகட்டும். அதற்கு எவ்வளவு செலவு, எத்தனை மாதம், யார் கட்டளையில் என்று பாராளுமன்றத்தில் கணக்கை வைக்கட்டும். வற் வரி நம்மிடம் அறவிடப்படுகிறது. கணக்குக் கேட்கும் உரிமை அந்தப் பற்றுச்சீட்டிலேயே இருக்கிறது.

2024 மார்ச் 6ஆம் திகதி ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கொன்பிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். இரண்டு பேர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம். கப்பலை நடத்தியது கிரேக்கக் கம்பனி, பறந்தது பார்படோஸ் கொடி, காவலுக்கு ஏறியிருந்த மூவரில் இருவர் இலங்கையர். உயிர் தப்பியவர்களை இந்தியப் போர்க்கப்பல் ‘கொல்கத்தா’ கரை சேர்த்தது. முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, சாவது மூன்றாவது நாட்டுக்காரன். கங்காணி காலத்திலிருந்து நமக்குப் பழகிய ஏற்பாடுதான் இது.

ஆனால் மாலுமிகளின் சங்கம் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கப்பல் முதலாளிகளோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து, தென் செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் 2024 மார்ச் 1 முதல் போர்ப் பிரதேசமாக ஏற்க வைத்தது. அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட மாலுமிக்கு அந்தப் பகுதியைக் கடக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல இன்னொரு மடங்கு உண்டு. ஒரே நாளில் கடந்தாலும் குறைந்தது ஐந்து நாளுக்குக் கொடுக்க வேண்டும். இறந்தாலோ ஊனமுற்றாலோ நட்டஈடு இரட்டிப்பு. எல்லாவற்றையும் விடப் பெரியது: ‘அந்த வழியால் வர மாட்டேன்’ என்று மாலுமி மறுக்கலாம். மறுத்தவரைக் கம்பனி தன் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

குளவி கூடு கட்டியிருக்கும் மலையில் ‘இறங்க மாட்டேன்’ என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு நம் தோட்டங்களில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அன்றைக்குப் பேர் இல்லை. குளவி கொட்டினால் வைத்தியசாலைக்குப் போக லொறிக்காகக் காத்திருக்க வேண்டும். ஏவுகணைக்கும் குளவிக்கும் ஒப்பீடா என்று சிலர் சிரிக்கலாம். குளவி கொட்டி இறந்தவர்களின் வீட்டில் சிரிக்க மாட்டார்கள். ஆபத்தான மலையில் இறங்க மறுக்கும் உரிமை அடுத்த ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

இனிக் கம்பனிகளின் கதைக்கு வருவோம். 2024இல் நாம் 1,700 ரூபாய் கேட்டு நின்றோம். உரம் இல்லாத காலத்தில் உரம் காரணம், டொலர் இல்லாத காலத்தில் டொலர் காரணம். அதற்குப் பிறகு செங்கடல். சில தோட்ட அலுவலகங்களில் இந்தப் பேச்சு ஏற்கனவே தொடங்கிவிட்டது. அதற்கு நமது தலைவர்கள் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோட்டக் கம்பனி தன் தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் ரூபாயில் விற்கிறது. கப்பல் கூலி அதற்குப் பிறகு வருகிற செலவு. அதை ஏற்பது ஏற்றுமதியாளரும் வெளிநாட்டில் வாங்குபவரும். கப்பல் கூலி ஏறினால் ஏலத்தில் கேட்கும் விலை இறங்கலாம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பெரிய வாடிக்கையான ஈராக்குக்கும், ஐக்கிய அரபு இராச்சியத்துக்கும், ஈரானுக்கும் போகும் தேயிலை செங்கடலைத் தொடுவதே இல்லை. அது பாரசீக வளைகுடா வழி. இதற்கிடையில் வழி மாறிய கப்பல்களால் கொழும்புத் துறைமுகத்தில் கையாளும் கொள்கலன்கள் 2024இல் கூடின. கடலில் வரும் இலாபம் கீழேயே நின்றுவிடுகிறது, நட்டம் மட்டும் கம்பளை ஏற்றம் ஏறி நம்மிடம் வந்து சேர்கிறது.

ஆகவே வாய்ப் பேச்சுக்கு வாய்ப் பேச்சு வேண்டாம். செங்கடலால் நட்டம் என்று சொல்லும் நிர்வாகம், நவம்பருக்கு முன்னும் பின்னும் தன் தோட்ட மார்க்குக்கு ஏலத்தில் கிடைத்த சராசரி விலையை எழுத்தில் காட்டட்டும். விலை இறங்கியிருந்தால் அதைப் பற்றிப் பேச நாம் தயார். இறங்காவிட்டால் செங்கடலைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஏல விலை வாராவாரம் வெளியாகிறது. அதைத் தமிழில் எழுதிப் புசல்லாவைச் சங்கக் காரியாலயத்தின் பலகையில் வியாழக்கிழமை தோறும் ஒட்டுகிறோம். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் சந்தா கட்ட வரும்போது தங்கள் தோட்டத்து மார்க்கின் விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் கூட்டி வாருங்கள், கணக்கு எழுத உதவும். மே தினக் கூட்டத்துக்கு முன் குறைந்தது நான்கு வார விலையாவது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியின் கையிலும் இருக்க வேண்டும்.