கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியா?

ரெம்பியாவில் உள்ள என் நண்பர்களின் வாதம் இது: பிக் பாஸ் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனவர்கள் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்கள், பணம், புகழ் கிடைத்தது. நம் மலேசியாவின் முகேன் ராவ் 2019இல் வென்றாரே, பிறகென்ன குறை?

ஒன்று. ஒப்பந்தம் வேலைக்கு, மனம் உடைவதற்கு அல்ல. 2017இல் போட்டியாளர் ஓவியா அந்த வீட்டின் நீச்சல் குளத்தில் குதித்த பிறகு போலீஸ் விசாரிக்க வந்தது. எந்தச் சம்பளம் அதற்கு ஈடு?

இரண்டு. வென்றவரை மட்டும் காட்டாதீர்கள். முகேன் வென்ற அதே சீசனில்தான் மதுமிதா தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வெளியேறினார்.

மூன்று. கல்லூரிக் காலத்தில் பெண்களை உரசவே பஸ் ஏறியதாகச் சரவணன் அதே சீசனில் சொன்னார். அரங்கம் கைதட்டியது! கைதட்டியவர்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? வெளியே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவரை அனுப்பினார்கள். அதற்குள் எத்தனை வீட்டுப் பையன்கள் அந்தக் கைதட்டலைக் கேட்டிருப்பார்கள்?