பிரதமர் மாறுவார், அறை மாறாது

2024 ஜனவரிக்கும் 2025 செப்டம்பருக்கும் இடையில் பிரான்சின் பிரதமர் நாற்காலியில் அத்தால், பார்னியே, பய்ரூ, லெகோர்னு என நான்கு பேர் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் செய்தி ஒன்றுதான்: யார் வந்தார், யார் போனார், எந்தக் கட்சி காலை வாரியது. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அறை கண்ணில் படாது. கோப்பு எழுதுவது அந்த அறை. இரண்டு அமைச்சர்கள் முட்டிக்கொண்டால் தீர்ப்புச் சொல்வதும் பெரும்பாலும் அந்த அறைதான். அங்கே இருக்கும் ஆலோசகர் எவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

பிரான்சு நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையும் தம் அரசாங்கக் கட்டடங்களின் வாசலில் செதுக்கி வைத்திருக்கும் நாடு அது. இந்த மூன்றையும் நான் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, என் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றேன் என்று 1954ல் வானொலி உரையில் அண்ணல் அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார். அது வெறும் பெருமைப் பேச்சு என்று நினைப்பவர்கள், சமத்துவத்தை வாசலில் எழுதியவர்கள் உள்ளே எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அங்கே 'கபினே' என்றால் அமைச்சரவை அல்ல. ஓர் அமைச்சரோ பிரதமரோ தம் விருப்பப்படி அமர்த்திக்கொள்ளும் ஆலோசகர் குழு. பாரிசில் வாரென் வீதி 57ஆம் எண்ணில் உள்ள மாத்தினியோன் மாளிகை 1935லிருந்து அரசாங்கத் தலைவரின் அலுவலகம். பிரதமரின் கபினேயும் அங்கேதான். அதன் உச்சியில் இருப்பவர் கபினே இயக்குநர். அவருக்குக் கீழே பொருளாதாரம், உள்துறை, கல்வி, நலவாழ்வு என்று ஒவ்வொரு துறைக்கும் ஆலோசகர்கள். பிரதமர் போனால் இவர்களும் போக வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் தாம் புறப்பட்டு வந்த உயர் அதிகார அமைப்புக்கோ, இன்னொரு அமைச்சரின் கபினேவுக்கோ, ஒரு வங்கியின் மேல்மாடிக்கோ. தெருவுக்குப் போனவர் அரிது.

இவர்களுடைய அதிகாரத்துக்கு ஒரு நிறம் உண்டு: நீலம். நம் நீலம் அல்ல. இரண்டு அமைச்சகங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் மாத்தினியோனில் ஒரு கூட்டம் நடக்கும். பிரதமரின் ஆலோசகர் ஒருவர் தலைமை தாங்குவார். எதிரே அமைச்சர்கள் இருக்க மாட்டார்கள், அவர்களுடைய ஆலோசகர்கள்தான் இருப்பார்கள். கூட்ட முடிவை அரசாங்கத்தின் பொதுச் செயலகம் எழுதி அனுப்பும். அந்தத் தாள் நீல நிறத்தில் வந்ததால் அதற்கு 'மாத்தினியோன் நீலம்' என்றே பெயர். அது வந்துவிட்டால் அமைச்சகம் அதன்படி நடக்க வேண்டும். தேர்தலில் நின்று ஜெயித்த ஓர் அமைச்சரைத் தேர்தல் பக்கமே போகாத முப்பத்தைந்து வயது ஆலோசகர் மடக்கிவிட முடியும் என்பதுதான் இதன் பொருள்.

இது உயிரோடு விளையாடும் அதிகாரம். 1985ல் பிரான்சில் எய்ட்ஸ் கிருமி தானமாகப் பெற்ற இரத்தத்தின் வழியே பரவிக்கொண்டிருந்தது. இரத்தத்தைச் சோதிக்க அமெரிக்க அபாட் நிறுவனத்தின் பரிசோதனை அனுமதிக்குக் காத்திருந்தது. மே 9ஆம் தேதி மாத்தினியோனில் ஆலோசகர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அபாட் கோப்பை இன்னும் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்று அங்கே முடிவானது. உள்நாட்டுத் தயாரிப்பான பாஸ்டர் பரிசோதனைக்குச் சந்தையில் இடம் கிடைக்க வேண்டும் என்பதே பின்னால் இருந்த கணக்கு. தானமாகும் இரத்தம் அனைத்தையும் சோதிப்பது ஆகஸ்ட் 1 முதல்தான் கட்டாயமானது. இடைப்பட்ட நாட்களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்ததே தெரியாது.

பிறகு வழக்கு வந்தது. அன்றைய பிரதமர் ஃபாபியூஸ் 1999ல் விடுவிக்கப்பட்டார். ஆலோசகர்கள், அதிகாரிகள் மீதான வழக்கு விசாரணைக்கே வராமல் 2003ல் முடிந்துபோனது. சட்டப்படி அவர்கள் குற்றவாளிகள் அல்ல, நானும் அப்படிச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. ஆலோசகர் முடிவெடுக்கிறார், பெயர் அமைச்சருடையது. அமைச்சர் 'எனக்குத் தெரியாது' என்கிறார், ஆலோசகர் 'நான் ஆலோசனைதான் சொன்னேன்' என்கிறார். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் பொறுப்பு விழுந்து காணாமல் போகிறது. அப்படி விழும்போது அது எப்போதும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

சரி, இந்த அறைக்குள் நுழைவது யார்?

1945ல் தெ கோல் அரசு 'ஏனா' என்ற தேசிய நிர்வாகப் பள்ளியைத் தொடங்கியது. நோக்கம் நல்லது: பணக்காரக் குடும்பங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட உயர் பதவிகளைப் போட்டித் தேர்வின் மூலம் எல்லோருக்கும் திறப்பது. நடந்தது என்ன? பள்ளியில் முதலிடங்களைப் பிடித்தவர்கள் அரசாங்க மன்றம், கணக்காயர் நீதிமன்றம், நிதி ஆய்வுத் துறை ஆகிய மூன்று 'பெரிய அமைப்புகளுக்கு'ப் போனார்கள். அங்கிருந்து கபினேகளுக்கு வந்தார்கள். அண்மைக் காலப் பிரதமர்களின் கபினே இயக்குநர்களைப் பாருங்கள். பிலிப்புக்கு ரிபதோ-துமா, காஸ்தெக்ஸுக்கு ரெவெல், போர்னுக்கு முதலில் ரூஸோ, அத்தாலுக்கு மூலன், பார்னியேவுக்கு ஃபூர்னெல். ஐந்து பேரும் ஏனாவில் படித்தவர்கள். ஐந்து பேரும் ஆண்கள். இவர்களில் இடதுசாரி ஆட்சியின்போது அதிகாரத்தில் இருந்தவரும் உண்டு, வலதுசாரி ஆட்சியின்போது இருந்தவரும் உண்டு. கட்சி மாறலாம், பள்ளி மாறவில்லை.

அறை வெறும் அறையாகவும் நிற்பதில்லை, அது ஏணி. தெ கோல் பிரதமராக இருந்தபோது அவருடைய கபினே இயக்குநர் ஜார்ஜ் பொம்பிடு. அவர் 1962ல் எந்தத் தேர்தலிலும் நிற்காமலேயே பிரதமரானார், 1969ல் குடியரசுத் தலைவர். அந்தப் பொம்பிடுவின் கபினேயில் இளைஞர்களாக இருந்த ஷிராக்கும் பலதூரும் பின்னாளில் பிரதமர்கள். மக்ரோனும் குடியரசுத் தலைவர் மாளிகையின் ஆலோசகர் அறையிலிருந்து அமைச்சராகி, வாழ்நாளில் முதல் தேர்தலாகக் குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே நின்றவர். வாக்குப்பெட்டி இவர்களுக்குக் கடைசிப் படி. நமக்கு அது முதல் படியாகவும் ஒரே படியாகவும் வைக்கப்பட்டிருக்கிறது.

'போட்டித் தேர்வு எழுதித்தானே வந்தார்கள், தகுதிதானே?' என்ற குரல் இங்கே கேட்கும். இதற்குப் பதிலை சமூகவியல் மாணவர்கள் பியர் பூர்தியூவிடம் படித்திருப்பீர்கள். பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஒரு சிற்றூர் தபால்காரரின் மகனாகப் பிறந்தவர். 1989ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'அரசுப் பிரபுக்கள்' என்றுதான் பொருள்படும். பிறப்பால் வந்த சொத்தைத் தேர்வு என்ற இயந்திரத்தில் போட்டால் மறுபக்கம் தகுதியாக வெளியே வரும் என்பதை அவர் தரவுகளோடு காட்டினார். ஏனாவின் நுழைவில் பெயர்பெற்றது அதன் நேர்முகத் தேர்வு. நடுவர் குழு முன் உட்கார்ந்து எதைப் பற்றிக் கேட்டாலும் பதறாமல், சிரித்த முகத்தோடு, சரியான உச்சரிப்பில் பேச வேண்டும். அந்தப் பேச்சு எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழக்கமாகிறது? நேர்முகத் தேர்வில் மதிப்பெண் எப்படிப் போடப்படும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரே வகைப் பின்னணியிலிருந்து ஆள் எடுத்தால் ஒரே வகைச் சட்டம்தான் வரும். 2005 அக்டோபர் 27 அன்று பாரிசுக்கு வெளியே கிளிஷி-சூ-புவாவில், போலீசுக்குப் பயந்து ஓடி மின்நிலையத்துக்குள் ஒளிந்த ஸியேத், பூனா என்ற இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். புலம்பெயர்ந்தோர் வாழும் புறநகர்கள் மூன்று வாரம் எரிந்தன. மாத்தினியோன் கொண்டுவந்த பதில் என்ன? 'சம வாய்ப்பு' என்று பெயர் வைத்த ஒரு சட்டம். அதற்குள் ஒரு வேலை ஒப்பந்தம்: 26 வயதுக்குக் கீழ் உள்ளவரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம். போலீஸ் துரத்திய பிள்ளைகளுக்கு முதலாளியும் துரத்தலாம் என்ற பரிசு! அன்றைய பிரதமர் வில்பனும் ஏனாவில் படித்தவர், தேர்தலில் நிற்காதவர். தொழிற்சங்கங்களைக் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தில் 49.3 என்ற அரசமைப்புப் பிரிவைப் பயன்படுத்தி வாக்கெடுப்பு இல்லாமல் தள்ளினார்கள். 2006 மார்ச் முழுக்க மாணவர்கள் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், இலட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் செத்தது. அந்த அறையில் நமக்கு ஆள் இல்லாதபோது தெரு ஒன்றுதான் நம் ஆலோசகர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது கேள்வியின் நடுப்புள்ளிக்கு வருவோம். அந்த அறைகளில் அரபு, ஆப்பிரிக்கப் பின்னணி கொண்டவர்கள் எத்தனை பேர்? அரசு சொல்லாது. இன அடிப்படையில் தகவல் சேகரிப்பதை 1978ன் சட்டம் சில விலக்குகள் தவிரத் தடுக்கிறது. 2007ல் அரசமைப்பு மன்றமும் அதை உறுதி செய்தது. கபினேகளில் எத்தனை பேர், அவர்களுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று வரவுசெலவுத் திட்டத்தோடு ஆண்டுதோறும் அச்சிடுவார்கள். 2001 வரை ஆலோசகர்களுக்கு வரி கட்டாத ரொக்கப் பணம் உறையில் போனது, அதை நிறுத்தியதும் நல்லதுதான். காசை எண்ணலாம், தலையை எண்ணலாம், எந்தத் தலை இல்லை என்று மட்டும் எண்ணக்கூடாது.

எண்ணுவதற்கு எதிராக அவர்கள் சொல்லும் காரணத்தில் நேர்மையான ஒன்றும் உண்டு. நாஜிகளோடு கைகோத்த விஷி அரசு யூதர்களைக் கணக்கெடுத்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சுப் போலீஸ் வீடு வீடாகப் போய்ப் பிடித்தது. அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெயரோடும் முகவரியோடும் போலீஸ் கையில் இருக்கும் பட்டியல் வேறு, பெயர் இல்லாமல் எடுக்கும் கணக்கு வேறு. முதலாவது வேட்டைக்கு, இரண்டாவது உரிமைக்கு. பெற்றோர் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்று கேட்கும் பெரிய ஆய்வுகளை பிரான்சின் அரசு நிறுவனங்களே 2008லிருந்து நடத்தியிருக்கின்றன. வழி இருக்கிறது. ஆளும் அறைக்குள் அதைக் கொண்டுபோகத்தான் மனம் இல்லை.

பெண்கள் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். நகராட்சித் தேர்தல் பட்டியலில் ஒரே பாலினத்தவர் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டத்தை, 'குடிமக்களைப் பிரிக்கக்கூடாது' என்று சொல்லி 1982ல் அரசமைப்பு மன்றம் தள்ளுபடி செய்தது. பெண்கள் விடவில்லை. 1999ல் அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. குடியரசு இடிந்து விழவில்லை. பொதுமை என்பது வானத்திலிருந்து வந்த கல்வெட்டு அல்ல, யார் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வளையும் இரும்பு.

இந்தப் பொதுமையின் சுவை நம் புதுச்சேரி மக்களுக்குப் பழையது. 1881ல் ஓர் ஆணை வந்தது: உங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வாருங்கள், சமமாவீர்கள். கிறித்தவர்களும் தலித்துகளும் பலர் துறந்தார்கள், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'ரெனோன்சான்' என்று அவர்களுக்குப் பெயர். மூன்றே ஆண்டில், 1884ல், வாக்காளர் பட்டியலை மூன்றாக வெட்டினார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. எண்ணுவது பாவம் என்கிற அதே குடியரசு, நம்மைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தபோது பிசகில்லாமல் எண்ணியது.

சீர்திருத்தம் நடக்கவில்லையா என்றால், நடந்தது. 2017ல் அமைச்சர் ஒருவருக்குப் பத்து ஆலோசகர்கள்தான் என்று மக்ரோன் வரம்பு போட்டார். 2020ல் அதுவே பதினைந்தானது. ஏனாவுக்கு மூடுவிழா நடத்தி 2022 ஜனவரியில் வேறு பெயரில் புதுப் பள்ளி திறந்தார்கள். எளிய குடும்பத்து மாணவர்களுக்குத் தனி நுழைவு வழியும் வைத்தார்கள். அதை வரவேற்போம். ஆனால் பள்ளியில் பத்துப் பேரைச் சேர்ப்பது ஒன்று, நீலத் தாளுக்குத் தலைமை தாங்கும் நாற்காலியில் உட்காரவைப்பது வேறொன்று. கபினேவுக்குத் தேர்வே கிடையாது. 'நம்பிக்கைக்கு உரியவர்' என்ற ஒற்றைத் தகுதிதான். தம்மைப் போல் இருப்பவரையே மனிதர் நம்புவார்கள். அந்த இடத்தில்தான் எல்லாச் சீர்திருத்தமும் முட்டி நிற்கிறது.

மாணவத் தோழர்களே, ஓர் அரசு அமையும்போது மேடையில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். முகம் காட்டும் இடத்தைக் கொடுப்பது அவர்களுக்கு எளிது. யார் கோப்பை முதலில் திறக்கிறார், யார் குறிப்பு எழுதுகிறார், யார் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த வீட்டிலிருந்து, எந்தப் பள்ளி வழியாக வந்தார்கள் என்று ஆய்வு செய்யுங்கள், அதில் உங்கள் முனைவர் பட்டமே இருக்கிறது. நாடாளுமன்றத்தில் பங்கு கேட்டோம், வேலையில் பங்கு கேட்டோம். ஆலோசனை அறையிலும் பங்கு கேட்போம். அது பாரிசாக இருந்தாலும் சரி, எந்தத் தலைநகராக இருந்தாலும் சரி.

ஜெய் பீம்!