வானொலியில் வந்தவனுக்கு எதற்கு முகமூடி?

வானொலியில் வருகிறவன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் 1933 ஜனவரி இறுதியில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்றிலிருந்து ஒலிபரப்பான ‘லோன் ரேஞ்சர்’ தொடரின் நாயகன் முகமூடி அணிந்துதான் வந்தான். ஏறிவர ‘சில்வர்’ என்ற வெள்ளைக் குதிரை, சுடுவதற்கு வெள்ளித் தோட்டா. காதுக்கான நாடகத்தில் அத்தனையும் கண்ணுக்கான சாமான்கள். அவற்றைக் காணும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டதுதான் அந்தத் தொடரின் சாமர்த்தியம்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். சிபிஎஸ் வானொலி வலையமைப்பிலிருந்து விலகி வந்திருந்த அந்த நிலையத்துக்குச் சொந்த நிகழ்ச்சி உடனே வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. முகப்பு இசைக்கு, உரிமைத்தொகை கேட்காத ரோசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசை போதும் என்றார்கள். குளம்பொலிக்குக் குதிரை எதற்கு? அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைச் சரளைக்கல் தொட்டியில் தாளம் தப்பாமல் குத்தினால் போதும், குதிரை பாய்ந்தது.

பிள்ளைகள் அதை நம்பினார்களா என்று நிலையத்தார் அதே ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். முதலில் எழுதும் 300 பேருக்கு விளையாட்டுத் துப்பாக்கி என்று அறிவித்ததும் ஏறக்குறைய 25,000 கடிதங்கள் வந்து குவிந்தன.

திரையின் ஒவ்வொரு அங்குலத்தையும் வண்ணத்தால் நிரப்பினால்தான் குழந்தை உட்காரும் என்று நம்புகிற இன்றைய தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எதுவுமே காட்டாத தொடர் 1954 வரை 2,956 அத்தியாயங்கள் ஓடியிருக்கிறது.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று கொண்டாடிவிட முடியாது. கதைகளை எழுதிக் குவித்த ஃப்ரான் ஸ்டிரைக்கர் 1934-இல் உரிமையை நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டிலுக்கு எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் கண்ட விலை 10 டாலர். நாயகன் யாரையும் கொல்லச் சுட மாட்டான், பிசகில்லாத ஆங்கிலம் பேசுவான். உயிர்த்தோழன் டோன்டோவோ அமெரிக்கப் பழங்குடி. அவனுக்குக் கிடைத்தது கொச்சையான அரைகுறைப் பேச்சு. அவனைச் சேர்த்ததே நாயகன் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். குரல் கொடுத்த ஜான் டாடும் வெள்ளையர். கற்பனைக்கு இவ்வளவு இடம் விட்ட தொடர், ஒரு சமூகத்தை மட்டும் பிள்ளைகள் இப்படித்தான் கற்பனை செய்ய வேண்டும் என்று வரைந்து கொடுத்துவிட்டது.

1941 ஏப்ரலில், நாயகனுக்குக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துபோனார். புதுக்குரலைச் சட்டென நுழைத்தால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். அதனால் கதையில் நாயகன் படுகாயமடைந்தான்; பலமாக மூச்சுவிடவும் கிசுகிசுக்கவும் மட்டுமே முடிந்தது. புதிதாக வந்த ப்ரேஸ் பீமரின் குரல் மெல்ல மெல்லத் தேறி வரும்வரை, சில அத்தியாயங்களுக்குக் கதையைத் தூக்கிச் சுமந்தவன் அந்த அரைகுறைப் பேச்சுக்காரன் டோன்டோதான்.