புள்ளி விழுந்தால் விழட்டும்

"தம்பி, இந்த லென்ஸ் இதுக்குக் காணாது. 2.8 இல்லாட்டி ராவில மெச் எடுக்கேலாது."

கமராவோடு முதல் நாள் மைதானத்தில் போய் நின்றபோது, பக்கத்தில் நின்ற அண்ணை ஒருவர் சொன்னது இது. கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் நம்பி, கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மிச்ச மெச்சைச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன். அண்டைக்கு எடுக்காமல் விட்ட படங்களை நினைத்தால் இப்பவும் கவலைதான்.

அவர் சொன்னது முழுப் பிழை இல்லை. கமராவோடு சேர்ந்து வாற சாதாரண லென்ஸை 55 மில்லிமீற்றருக்கு இழுத்தால் அது எப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நல்ல லென்ஸ் நல்லதுதான். ஆனால் "நல்ல லென்ஸ் இருந்தால் நல்லது" என்பதும் "இல்லாட்டி எடுக்காதே" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பேச்சால்தான் எத்தனையோ பேர் கமராவைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்திருக்கினம்.

எங்கட ஊர்களில் விளையாட்டு எப்ப தொடங்குது எண்டு பாருங்கோ. மேசன் வேலைக்குப் போனவர், கடையில் நிற்கிறவர், ரியூசன் முடிந்து வாற பெடியள் எல்லாரும் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவினம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ 5.45க்கும் 6.35க்கும் இடையில் மறைந்துவிடும். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. ஐரோப்பாவில் கோடை காலத்தில் இருக்கிறது போல நீளமான அந்தி எங்களுக்கு இல்லை.

ஆகவே வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் படம் என்றால், பகலில் வேலை செய்கிற ஒருவர் விளையாடுகிற படம் ஒருநாளும் வராது. பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் படம் இருக்கும். பிரதம விருந்தினருக்கு மாலை போடுகிற படம் இருக்கும். மின்னொளியில் நடந்த இறுதிப் போட்டி என்றால் முடிவில் கிண்ணத்தோடு ஒரு குழுப்படம், ஃபிளாஷ் அடித்து. தொண்ணூறு நிமிடம் ஓடினதற்குச் சாட்சி எங்கே? முதல் சுற்றிலேயே தோற்றுப்போன கழகத்துக்கு அந்தக் குழுப்படமும் இல்லை.

நான் விட்ட முதல் பிழையும் பயத்தால் வந்ததுதான். "ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகப் போகும்" என்று எல்லா வீடியோவிலும் சொல்லுகிறார்கள். நான் 800ஐத் தாண்டவில்லை. கமரா வேறு வழியில்லாமல் ஷட்டரை 1/60க்குக் கொண்டுபோனது. செக்கனுக்கு 20 மீற்றர் போகிற பந்து 1/60 செக்கனில் 33 சென்ரிமீற்றர் நகரும். உதைபந்தின் விட்டமே 22 சென்ரிமீற்றர்தான். அதாவது பந்து தன்னைவிட நீளமாக இழுபட்டு வரும். உதைக்கிற கால், முகம் எல்லாம் அதே கதைதான். 1/500இல் அதே பந்து 4 சென்ரிமீற்றர்தான் நகரும்.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் ஷட்டரைக் காப்பாற்றுங்கோ. 1/500இல் வையுங்கோ, லென்ஸை எவ்வளவு திறக்க முடியுமோ திறவுங்கோ, ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விடுங்கோ. 6400க்குப் போனால் போகட்டும். படம் கறுத்துவிடும் போல இருந்தால் 1/320க்கு இறங்கலாம். புள்ளி விழுந்த முகம் இன்னாரின் முகம் என்று தெரியும், கலங்கின முகம் ஒருவரின் முகமும் இல்லை. ஃபிலிம் காலத்தில் 400 ஃபிலிமை 1600க்குத் தள்ளிக் கழுவி, அந்தப் பொரியலோடேயே பத்திரிகைக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஒன்று மட்டும் கவனம்: ஐஎஸ்ஓவுக்குப் பயந்து கறுப்பாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால், புள்ளி குறையாது, பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

மிச்சம் எல்லாம் நின்று பழகினால் வரும். கரப்பந்தில் அடிக்கப் பாய்கிறவர் 60 சென்ரிமீற்றர் எழும்பினால் ஏறத்தாழ 0.7 செக்கன் காற்றில் நிற்பார். அதில் பாதி நேரம் உச்சியின் கடைசி 15 சென்ரிமீற்றருக்குள்தான். அந்த நேரம் உடம்பு கிட்டத்தட்ட அசையாது, கை மட்டும் வீசும். அதைக் காத்திருந்து எடுத்தால் மெதுவான ஷட்டரிலும் முகம் தெளிவாக வரும். லைற் உங்கட முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கோ. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல லைற்றுகள் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சளாகவும் வந்தால் கமரா பழுது என்று பயப்பட வேண்டாம். நாலைந்தாக அடித்து ஒன்றை எடுங்கோ. போனில் எடுப்பவர்கள் நைட் மோட்டை நிறுத்துங்கோ. அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, ஓடுகிற ஆள் பேயாகிவிடுவார். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சின்ன ஃபிளாஷ் சில மீற்றருக்கு மேல் போகாது, பந்தைப் பார்க்கிற கோல்காப்பாளரின் கண்ணைத்தான் குத்தும்.

"இப்பிடிப் படங்களைப் போட்டால் போட்டோகிராபிக்கே மரியாதை இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது விளங்கவில்லை. எங்கட ஊரில் இருபது வருடம் கோல் காத்த ஒரு அண்ணையை நான் 6400இல் எடுத்தேன். பின்பக்கம் முழுக்கப் புள்ளி. பாய்கிறார், விரல் நுனியில் பந்து. அனுப்பினபோது அவர் கேட்டது, "நான் விளையாடேக்க இப்பிடியே இருக்கிறன்?" அதுதான் மைதானத்தில் அவருக்கு இருக்கிற முதல் படம். புள்ளியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பெண்பிள்ளைகளின் வலைப்பந்துப் பயிற்சிதான் இன்னும் கூடுதலாகத் தவறிப்போவது. மின்னொளி பெரும்பாலும் அவர்களுக்கில்லை. இருட்டுமுன் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால் அந்த மங்கல் நேரத்தோடு முடிந்துவிடும். அதை எடுக்கவும் ஆள் வேண்டும். ஆனால் முதலில் அவர்களையும் பயிற்றுவிப்பாளரையும் கேட்டுவிட்டு எடுங்கோ, பேஸ்புக்கில் போடமுன் இன்னொருக்கால் கேளுங்கோ. வேண்டாம் என்றால் போடாதேங்கோ. அவர்களே கமராவைப் பிடித்தால் இன்னும் நல்லது.

லென்ஸ் பிறகு வரும், வராமலும் போகும். அதுவரைக்கும் இருக்கிற கமராவோடு ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போங்கோ. நூறு எடுத்தால் மூன்று தேறும். அந்த மூன்றோடும் திகதியையும், யார் யார் விளையாடினது என்பதையும் எழுதி வையுங்கோ. பத்து வருடம் கழித்துக் கழகத்துக்கு ஆராவது மலர் போட நினைத்தால், அந்த மூன்றைத்தான் தேடி வருவினம்.