யாழி முகம் யாருக்காக?

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. இசைப்போட்டிக்கு வந்து அமர்ந்த சீவகனிடம் யாழ்கள் ஒவ்வொன்றாக நீட்டப்படுகின்றன. அவனோ எதையும் மடியில் வைப்பதாக இல்லை. இது நீரில் நின்று இளகிய மரம், இது இடி விழுந்த மரம், இது வெந்த மரம் என்று வரிசையாகக் குற்றம் சொல்லித் தள்ளுகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை வேறு எடுத்துக் காட்டுகிறான். "சார், இவன் வாசிக்க வந்தானா, கடைக்கு வந்தானா?" என்று ஓராண்டு ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஓர் இசைவாணரின் மகன். அவர் இந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது தோன்றக் காரணம், சென்ற சித்திரையில் நானும் அப்படி ஒரு தேர்வில் மாட்டிக்கொண்டதுதான்.

நாகூரில் எங்கள் தெருவிலேயே என் தங்கையின் வீடும் இருக்கிறது. அவள் மகளுக்குப் பதினேழு வயது. ஏழு ஆண்டுகளாக வீணை கற்கிறாள். வீட்டில் இருப்பது எங்கள் பாட்டியின் ஒட்டுவீணை. குடமும் தண்டியும் யாழி முகமும் தனித்தனியாகக் கடைந்து ஒட்டியது. கடற்கரை ஊரில் வீணை வைத்திருப்பவர்களுக்கு அதன் பாடு தெரியும். உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். மெட்டுகளைத் தாங்கும் மெழுகு கோடையில் இளகி, ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் காந்தாரம் காந்தாரமாக இராது. இந்த வைகாசிக்குப் பிறகு பெண் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். அங்கே இத்தனை பெரிய வாத்தியத்தை வைக்க இடமும் இல்லை, வாசித்தால் பக்கத்து அறையில் பொறுப்பாரும் இல்லை. ஆகவே மின்வீணை வாங்கிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். தமிழ் வாத்தியார் ஆயிற்றே, இசையும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தேர்வுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மின்வீணை என்றதும் மூக்கைச் சுளிப்பவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. அந்தச் சுளிப்பில் நேர்மை குறைவு. நம் சபாக்களில் மரவீணையை யார் மரத்தின் ஒலியாகக் கேட்டிருக்கிறோம்? குடத்தின் மீது ஒட்டிய காண்டாக்ட் மைக்கின் வழியே, மிருதங்கத்தோடு போட்டியிடும் அளவுக்கு முறுக்கிவிட்ட ஒலிபெருக்கியில் கேட்டதுதான் நம்மில் பலருக்கு வீணையின் நாதம். வீட்டுக் கூடத்தில் இரண்டடி தூரத்தில் அமர்ந்து கேட்ட வீணையும் அதுவும் ஒன்றல்ல. அரங்கு பெரிதாகியபோதே வாத்தியக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வந்துவிட்டது. மைசூர் சௌடையா 1920களின் இறுதியில் வயலினுக்கு ஏழு தந்திகள் கட்டியது, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். அவரிடம் மின்சாரம் இருந்திருந்தால் அதைத்தான் நாடியிருப்பார்.

காவிரிக்கரை புதிய வாத்தியத்துக்கு எந்நாளும் கதவை அடைத்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி பரங்கியரின் வயலினைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை அரங்கிசைக்கு உரியதாக்கினார். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று வயலினை அயல்நாட்டு வாத்தியம் என்று சொன்னால் கச்சேரி கேட்க வந்த பாட்டிகள் நம்பமாட்டார்கள். அதற்கு முன்பே நம் யாழ் போய், அந்த இடத்தில் வீணை உட்கார்ந்துவிட்டது. போன யாழின் அளவுகளைக் கணக்கிட்டு மீட்க விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. நூல் கிடைத்தது. யாழை மடியில் வைத்து வளர்ந்த கை கிடைக்கவில்லை.

நான் முதலில் பார்த்த மின்வீணை ஒரு நண்பரின் வீட்டில் இருந்தது. உறையைக் கழற்றியதும் அசந்துபோனேன். யாழி முகம் கண்ணை உருட்டிப் பார்க்கிறது, பொன்வண்ணக் கோலம் பளபளக்கிறது, சுரைக்குடுக்கையின் இடத்தில் சுரைக்குடுக்கை போன்ற ஒன்று. குடத்தைத் தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாத டப்பாவின் சத்தம். ஒலிக்கு அந்தக் குடம் தேவையே இல்லை. தந்தியின் அதிர்வைக் குதிரையின் அடியிலிருக்கும் சிறு படிகம் மின்னழுத்தமாக மாற்றுகிறது; மற்றதெல்லாம் கம்பியும் பெருக்கியும் பார்த்துக்கொள்கின்றன. அப்படியானால் இந்தக் குடமும் யாழியும் யாருக்காக? எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்காக. வாசிப்பவருக்கு அவற்றால் எள்ளளவும் பயனில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு செல்லோ நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் போயிருந்தேன். (எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போனால் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் எழுந்த நாகூர் தர்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை, நானும் பார்த்தேன்.) தங்கியிருந்த நண்பரின் மகன் யமஹா செய்யும் 'சைலண்ட் செல்லோ' ஒன்றை வைத்திருந்தான். செல்லோ என்றால் ஆளுயரப் பெட்டி என்றுதான் எண்ணியிருந்தேன். இதில் பெட்டியே இல்லை. நடுவே ஒரு தடித்த தண்டு, பக்கத்தில் எலும்புபோல் சில வளைவுகள். அந்த வளைவுகள் எதற்கு என்று கேட்டேன். அவன் உட்கார்ந்து காட்டினான். செல்லோ வாசிப்பவரின் முழங்கால்கள் எங்கே அணைக்குமோ, நெஞ்சு எங்கே தொடுமோ, அந்த இடங்களில் மட்டும் பழைய செல்லோவின் உருவத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். எஞ்சியதை வெட்டி எறிந்துவிட்டார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்வியை வாசிப்பவனின் உடம்பிடம் கேட்டுச் செய்த கருவி அது.

நம்முடைய மின்வீணை செய்வோரில் பலர் இந்தக் கேள்வியைப் பார்வையாளரின் கண்ணிடம் கேட்கிறார்கள் என்பதே என் குறை. வீணைக்காரரின் உடம்பு கேட்பது என்ன? குடத்தின் எடை தரையில் நிற்கிற நிலை, வலத்தொடையில் அது ஊன்றும் இடம், இடக்கை தண்டியைச் சுற்றி வரும் தூரம், சாரணித் தந்தியை ஒரே மெட்டில் பக்கவாட்டில் இழுத்தால் அது எதிர்க்கிற அளவு. கடைசியில் சொன்னதுதான் தலையாயது. கமகம் பிறப்பது அந்த எதிர்ப்பிலிருந்து. நண்பர் வீட்டுக் கருவியில் தந்தி இளக்கமாக இருந்தது. மருமகள் ஷட்ஜத்திலிருந்து இழுத்தாள். பழகிய விசைக்கு விரல் எல்லை தாண்டி ஓடிவிட்டது. "மாமா, இது தண்ணியில கோலம் போடற மாதிரி இருக்கு" என்றாள்.

மாறாக, மின்சாரத்தைத் தழுவி வென்றவர்களைப் பாருங்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேற்கத்திய மாண்டலினின் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்மாண்டலின் வாசித்தார். இரட்டைத் தந்தியைச் சேர்த்து இழுத்தால் கமகம் பிசிறும். மெல்லிய உடலில் ஒலி சட்டென்று அடங்கிவிடும். இரண்டுக்கும் மாற்றுக் கண்டது அவருடைய கருவி. அது பழைய மாண்டலினின் வேடத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் தந்தையார் லட்சுமிநாராயணா இசை கற்பித்த காலத்தில் அங்கே வளர்ந்த எல். சங்கர், 1980இல் கென் பார்க்கரைக் கொண்டு இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட மின்வயலினைச் செய்வித்தார். வயலினிலிருந்து செல்லோவையும் தாண்டி டபுள் பேஸ் வரைக்கும் அதன் குரல் இறங்கும். அதைப் பார்த்து யாரும் மரவயலின் என்று மயங்க வாய்ப்பில்லை. இவர்கள் மின்வாத்தியத்தைப் புதிய வாத்தியமாகவே எடுத்துக்கொண்டு அதற்குரிய கையைப் பழக்கினார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்காகச் சில செய்திகள். கடையில் மின்வீணையைக் கொடுத்ததும் ஸ்பீக்கரைப் போடுவார்கள், எதிரொலியும் சேர்ப்பார்கள், கேட்கச் சொர்க்கமாக இருக்கும். முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். வெறுந்தந்தியில் கால்மணி நேரம் வாசியுங்கள். விரலுக்கும் தந்திக்கும் உறவு சரியா என்பது அப்போது தெரிந்துவிடும். ஒலிவாங்கி எந்த வகை என்று கேளுங்கள். காந்த வகையானால் அது எஃகைத்தான் உணரும். பழைய வழக்கப்படி மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைத் தந்தி போட்டீர்களானால் அவை ஊமையாகிவிடும். மீட்டிய ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நெடுநேரம் நிற்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். மரவீணையில் ஒலி தேயத் தேய அதற்குள் வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடியிலிருந்துதான் வீணைப் பாணியின் நிதானமும் இடைவெளிகளும் வந்தன. நீளும் ஒலியில் வாய்ப்பாட்டைப் போல இழைக்கலாம், உண்மைதான். ஆனால் அது வேறு பாணி, அதற்கு வேறு பாடம் வேண்டும். மெழுகில்லாமல் திருகாணியால் மெட்டைச் சரிசெய்யும் அமைப்பு இருந்தால் அதை மனமார வரவேற்பேன். கடலோரத்தில் குடியிருப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்!

தஞ்சாவூருக்கும் ஒரு நாள் போனோம். நாகூரிலிருந்து திருவாரூர் வழியாக ரயில். பாட்டியின் வீணையைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல மருமகள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்துநான்கு மெட்டுகளும் நிலைபெற்றன என்று சொல்வது வழக்கம். இவற்றையெல்லாம் ஆசாரியிடம் நான் பேசத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. வீணையைக் குப்புறக் கவிழ்த்து முட்டியால் தட்டிக்கொண்டே போனார். தண்டியும் குடமும் சேரும் இடத்தில் நின்று மறுபடி தட்டினார்.

"நல்ல பலா சார். மரத்துக்கு ஒண்ணும் இல்ல. மேளம் கட்டுனாப் போதும்."

மின்வீணை வாங்கும் யோசனையை நானே சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "வாங்குங்க, அதுவும் வேணும்தான். என் பேரன்கூட கீபோர்டு வாசிக்கிறான்" என்றார். சற்றுப் பொறுத்து, "புள்ள தொடையில அது அதிருமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியில் சிங்கப்பூர்ச் செல்லோவின் வளைவுகளும் கண்முன் வந்தன. அந்த வளைவுகள் தொடும். ஆனால் பெட்டி அதிர்வதுபோல் அதிருமா என்று அந்தப் பையனிடம் நான் கேட்டிருக்க வேண்டும்.

வைகாசியில் மின்வீணை வாங்கினோம். யாழி இல்லாதது, இரண்டாகக் கழற்றக்கூடியது, தந்தி விறைப்பாக நிற்பது, மருமகளே தேர்ந்தாள். அவள் விடுதிக்குப் போகும் வரை இரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். ஒரு நாள் நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தந்தியின் 'டிக் டிக்' மட்டும் கேட்டது. அவள் முகம் தோடியிலோ பைரவியிலோ இருந்தது. எதில் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அவள் தவறாக வாசித்தால் சமையலறையிலிருந்து என் தங்கை, "நிஷாதம் எங்கடி போச்சு?" என்பாள். அடுத்த வீட்டுப் பெரியம்மா மாலைத் தொழுகை முடித்துத் திண்ணைக்கு வந்து உட்காருவது அந்த நேரத்தில்தான். மின்வீணை வந்த மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்று, "ஏம்மா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா? சத்தமே காணோமே" என்று விசாரித்தார். அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமல் சாதகம் செய்யலாம் என்றுதானே மாப்பிள்ளை சொன்னார். தொல்லைப்பட்டவர் யார் என்று பட்டியல் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. செல்பேசிகள் செத்துக் கிடந்தன. அந்த இருட்டில் என் தங்கை இந்தப் பாட்டி வீணையைத்தான் வாசித்தாள். கேட்க நாலைந்து வீட்டார் வந்தார்கள். பழையதைக் கொடுத்துவிடுவது பற்றிய பேச்சு மறுபடி எழுந்தபோது இதை நினைவூட்டினேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தஞ்சாவூருக்குப் போன் செய்து முன்பணம் எவ்வளவு என்று கேட்டவர் அவர்தான்.

வெயில் தாழட்டும், இந்தச் சூட்டில் மெழுகு நிற்காது, ஆவணி பிறந்ததும் கொண்டுவாருங்கள் என்றாராம் ஆசாரி.